பிந்தி வந்த டோல்கி

அன்சார் கீபோர்டிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“டீச்சர், இது என்ட டோல்கிச் சத்தம்தான். ஆனா நான் அடிச்சு முடிச்சாப் பிறகு வருது. இதோட என்னால வாசிக்க ஏலாது.”

என் வீட்டு ஸ்டூடியோவில் வேலை நின்றுபோன நாள் அது. இப்போது ஒரு லப்டொப்பை வைத்துக்கொண்டு வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்யும் பிள்ளைகள் என்னிடம் வருகிறார்கள். கீபோர்டைக் கணினியோடு இணைக்க எந்த மிடி இன்டர்ஃபேஸ் வாங்கலாம், லேட்டன்சியை எப்படிக் குறைக்கலாம் என்று கேட்கிறார்கள். பதில் சொல்லும்போதெல்லாம் எனக்கு யுத்தகாலத்தின் அந்தச் சில மாதங்கள்தான் ஞாபகத்துக்கு வரும். கேட்டவர்களுக்காக எழுதிவைக்கிறேன். சந்தோசமான கதை அல்ல.

மைக்கை விட்டு மிடிக்குப் போனது

நான் பாடசாலையில் மேற்கத்திய சங்கீதம் படிப்பித்தவள். முன்கூட்டியே ஓய்வு பெற்றேன். எங்கள் வீடு திருகோணமலையில் உட்துறைமுக வீதிக்குப் பின்னால் இருந்தது. கணவர் துறைமுகத்தில் இழுவைப் படகுகளின் இயந்திரம் திருத்துபவர். பின்னறையில் ஒரு பழைய கணினி, ஒரு கீபோர்ட், ஒரு மைக். இதுதான் ஸ்டூடியோ. கோயில் திருவிழாப் பாட்டு, பள்ளிக்கூட நாடகத்துக்கு இசை, கடை விளம்பரம் எல்லாம் செய்தேன். யுத்தம் இறுக இறுக மரண அறிவித்தல்தான் கூடுதலாக வந்தது. ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு போடுவதற்கு, பின்னால் மெல்லிய இசையோடு.

அன்சார் தண்ணீருக்கு அக்கரையில் உள்ள கிண்ணியாக்காரர். கலியாண வீட்டு இசைக்குழுவில் டோல்கி மேளம் அடித்தவர், கீபோர்டும் வாசிப்பார். கலியாணங்கள் சத்தமில்லாமல் நடக்கத் தொடங்கிய பிறகு ஒரு சைக்கிள் கடையில் வேலை பார்த்தார். எனக்குத் தாளம் வேண்டிய நாட்களில் காலையில் ஃபெரியில் கடந்து வருவார். பின்னேரம் கடைசி ஃபெரிக்கு முன் திரும்பிவிட வேண்டும்.

எங்களுக்கு முதல் எதிரி துறைமுகத் தண்ணீர்தான். நீருக்கடியால் யாராவது நீந்தி வந்துவிடுவார்கள் என்ற பயத்தில் கடற்படை தண்ணீருக்குள் சின்னச் சின்ன வெடிகளைப் போட்டுக்கொண்டிருந்தது. எப்போது போடுவார்கள் என்று தெரியாது. தெரியக்கூடாது என்பதுதான் அதன் நோக்கமே. காதுக்குப் பெரிய சத்தம் இல்லை. ‘தும்’ என்று நிலத்தால் வரும், அலுமாரிக் கண்ணாடி நடுங்கும். எங்களுக்குப் பழகிவிட்டது. மைக்குக்குப் பழகவில்லை. அன்சார் உயிரைக் கொடுத்து அடித்த ஒரு முழுப்பாட்டின் நடுவில் ‘தும்’ என்று விழுந்தால் பாட்டு முழுவதும் போயிற்று. மைக் ஸ்டாண்டுக்குக் கீழே பழைய டயர்த் துண்டு வைத்தேன், மெத்தை வைத்தேன். நிலமே அதிரும்போது மெத்தை என்ன செய்யும்?

அப்போதுதான் ஒரு வழி தோன்றியது. ஒரு முழுப்பாட்டுக்கு அமைதி கிடைக்காது. ஆனால் ஒரு தட்டுக்குக் கிடைக்கும். அன்சாரின் டோல்கியில் ஒவ்வொரு தட்டையும் தனித்தனியாகப் பதிந்தோம். மெல்லிய தட்டு, பலத்த தட்டு, உள்ளங்கையால் இழுக்கும் முழக்கம் என்று ஒவ்வொன்றையும் கணினியில் கீபோர்டின் ஒவ்வொரு கட்டைக்கு ஒதுக்கினேன். இனி மைக் வேண்டாம். கீபோர்டில் அவர் விரல் வைத்தால் மிடி கேபிள் வழியாகக் கட்டளை போகும், கணினி அவருடைய டோல்கியையே ஒலிக்கும். துறைமுகத்தில் என்ன வெடித்தாலும் கேபிளுக்குள் வராது.

யோசனை சரிதான். ஆனால் விரல் பட்டதற்கும் சத்தம் வந்ததற்கும் இடையில் ஓர் இடைவெளி இருந்தது. அதுதான் லேட்டன்சி. மெதுவான பாட்டில் அது தெரியாது. டோல்கி அடிப்பவனுக்கு அது கால் தடக்குகிற மாதிரி.

தாமதம் எங்கே இருக்கிறது?

எல்லோரும் செய்யும் பிழையைத்தான் நானும் செய்தேன். மிடியில் வாசிக்கும்போது தாமதம் வருகிறது, ஆகவே மிடி கேபிளில்தான் கோளாறு என்று நினைத்தேன். கணினிக்குப் பின்னால் ஜோய்ஸ்டிக் சொருகும் இடத்தில் பூட்டிய பழைய கேபிள் அது. அதற்குப் பதிலாக யூஎஸ்பியில் சொருகும் மலிவான மிடி கேபிள் ஒன்றை, கொழும்புக்குப் போன ஒருவரிடம் சொல்லி எடுப்பித்தேன். தாமதம் அப்படியே இருந்தது. அதோடு வேகமாக உருட்டினால் சில தட்டுகள் காணாமல் போயின. சில கட்டைகள் அமர்ந்தபடி நின்று ஊளையிட்டன.

“உம்மட புதுச் சாமான் நாய் மாதிரிக் கத்துது,” என்றார் கணவர் குசினியில் இருந்து.

பிறகுதான் உட்கார்ந்து சோதித்துப் பார்த்தேன். கீபோர்டுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் மைக்கை வைத்து, கட்டையை விரலால் பலமாகத் தட்டினேன். விரல் மோதும் ‘டக்’ முதலில் பதிவாகும், ஸ்பீக்கரில் வரும் டோல்கி பிறகு பதிவாகும். திரையில் இரண்டுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று பார்த்தேன். பழைய கேபிளிலும் புதுக் கேபிளிலும் தூரம் ஒன்றே. கீபோர்டின் சொந்தச் சத்தத்தைப் போட்டுத் தட்டினால் தூரமே இல்லை.

அப்படியென்றால் கட்டளை நேரத்துக்குப் போகிறது. தாமதம் கணினிக்குள்ளே, சத்தம் வெளியே வரும் வழியில் இருக்கிறது. கணினியோடு வந்த சாதாரண சவுண்ட் கார்ட், சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்துத்தான் வெளியே விடும். அந்தச் சேமிப்புக்குத்தான் பஃபர் என்று பெயர். அதை இயக்கும் சாதாரண டிரைவர் மென்பொருளில் அதைச் சின்னதாக்க முடியாது. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குச் சந்தோசம் வரவில்லை. அதைச் சரிசெய்யும் சாமான் திருகோணமலையில் இல்லை என்று தெரியும்.

மூன்று பாட்டு

இந்த நேரத்தில்தான் தர்ஷினி வந்தார். மிதிவெடி விழிப்புணர்வு செய்யும் நிறுவனம் ஒன்றில் வேலை. சண்டையால் ஓடிவந்து கிண்ணியாவில் பள்ளிக்கூடங்களில் தங்கியிருந்த தோப்பூர்ப் பக்கத்துச் சனங்களை ஊருக்குத் திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்றார். வெடி இருக்கிறதா என்று வீதியும் வீடுகளும் பார்த்தாயிற்று. வயல்களும் பற்றைகளும் இன்னும் பார்க்கவில்லை.

“அக்கா, நோட்டீஸ் குடுத்தா அதிலை கடலை சுத்துகினம். வெறும் அறிவித்தல் போட்டா ஒருத்தரும் கேக்கினமில்லை. பாட்டா இருந்தாப் பிள்ளையள் பாடிக்கொண்டு திரிவினம். மூண்டு பாட்டு. சனம் போக முந்தி வேணும்.”

அன்சார் ஒரு மூலையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய மனைவியின் ஊர் தோப்பூர். மனைவியின் தம்பி ரமீஸ் குடும்பத்தோடு அப்படி ஒரு பள்ளிக்கூடத்தில்தான் இருந்தார்.

“செய்வம், டீச்சர். எப்படியும் செய்வம்,” என்றார்.

சொற்கள் தர்ஷினியின் அலுவலகத்திலிருந்து வந்தன. மெட்டு என்னுடையது. முதற்பாட்டின் பல்லவி இப்படி இருந்தது:

தெரியாத பொருளைத் தொடாதே தம்பி
தெரிஞ்ச பாதையால் நடந்து போ

வேறு வழியில்லாமல் குவான்டைஸ் செய்து பார்த்தேன். பிந்தி விழுந்த தட்டுகளைப் பிடித்து, கட்டத்துக்குள் நேராக நிறுத்தும் வசதி அது. முதற்பாட்டை அப்படி முடித்து தர்ஷினியிடம் கொடுத்தேன். அவர் அதை வேறொரு பள்ளிக்கூடத்தில் போட்டுப் பார்த்துவிட்டு வந்தார்.

“பிள்ளையள் இருந்து கேட்டவை, அக்கா. ஆனா ஒருத்தரும் கூடப் பாடேல்லை.”

“கலியாண வீட்டில இப்படி அடிச்சா சோறு போடமாட்டாங்க,” என்றார் அன்சார்.

அவர் சொன்னது உண்மை. தட்டுகள் எல்லாம் நேராக இருந்தன, ஆட்டம் இல்லை. பதிவு முழுவதையும் முன்னுக்கு இழுத்து வைத்தால் என்ன என்று இன்றைக்கும் சிலர் கேட்பார்கள். பிந்திக் கேட்டபடி வாசித்த கை ஏற்கனவே தடுமாறியிருக்கும். தடுமாற்றத்தை முன்னுக்கு இழுத்து என்ன பயன்? வாசிக்கும்போதே சரியாகக் கேட்க வேண்டும். நான் கொழும்புக்குப் புறப்பட்டேன்.

பெட்டி

கடைக்காரர் இரண்டு பெட்டிகளை மேசையில் வைத்தார். ஒன்றில் மிடி கேபிள் சொருகும் வாசல்கள் வரிசையாக இருந்தன. “இதில நாலு கீபோர்ட் போடலாம், மிஸ். இதுதான் பெரிய ஆக்கள் பாவிக்கிறது.”

“என்னட்டை இருக்கிறது ஒரு கீபோர்ட்தான். இதிலை சத்தம் வெளியாலை வருமா?”

“சத்தம் வராது. மிடி மட்டும்.”

மற்றது சின்னது. மிடி உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. ஆனால் சத்தமும் அதன் வழியாகவே வெளியே வரும், மைக்கும் சொருகலாம். அசியோ டிரைவர் உண்டு. அதாவது, சத்தத்தைச் சுற்றுவழியில் விடாமல் நேரே வெளியே எடுக்கும் மென்பொருள். என் பழைய கணினியின் யூஎஸ்பி அதற்குப் போதுமா என்று இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டு சின்னதை வாங்கினேன். வாசல்களை எண்ணி வாங்காதீர்கள். உங்கள் தாமதம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்தைத் திருத்தும் பெட்டியை வாங்குங்கள்.

திரும்பி வரும் வழியில் ஒரு சோதனைச்சாவடியில் எல்லோரையும் பஸ்ஸால் இறக்கினார்கள். என் பையைத் திறந்த சிப்பாய்க்கு என் மகன் வயதுதான் இருக்கும். பெட்டியைக் கையில் எடுத்து நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“இது என்ன சாமான்?”

“மியூசிக் சாமான்.”

காதில் வைத்துப் பார்த்தார். “மியூசிக் எங்க?”

கணினியில் பூட்டினால்தான் வரும் என்று தமிழிலும் தெரிந்த சிங்களத்திலும் சொன்னேன். கடைச் சிட்டையைக் காட்டினேன். வயர் சொருகும் ஓட்டைகளும் சின்ன விளக்குகளும் உள்ள ஒரு பெட்டி அந்த நாளில் எப்படித் தெரிந்திருக்கும் என்று எனக்கும் விளங்கியது. பெட்டியை மேலதிகாரி பார்த்துவிட்டுத் தருவார், பிறகு வாருங்கள் என்றார்கள். வெறும் பையோடு பஸ்ஸில் ஏறினேன். பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் என் முழங்காலைத் தடவிக்கொண்டே வந்தார்.

கணவர் தன் துறைமுக அடையாள அட்டையோடு அலைந்து, பல நாள் கழித்துத்தான் பெட்டியை மீட்டு வந்தார். பெட்டி நல்ல நிலையில் இருந்தது. கேபிள் இருந்தது. டிரைவர் இருந்த சீடி இல்லை. யாராவது எடுத்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை, திறந்து பார்த்தபோது எங்கேயோ விழுந்திருக்கும். ஆனால் டிரைவர் இல்லாவிட்டால் அந்தப் பெட்டி மேசையில் வைக்கிற கல்.

டவுனில் ஒரு கொமியூனிகேசன் கடையில் இன்டர்நெட் இருந்தது. டெலிபோன் வயரில் ஊர்ந்து வரும் இன்டர்நெட். டிரைவரை இறக்கத் தொடங்கினால் பாதியில் லைன் அறுந்துவிடும், பிறகு முதலில் இருந்து. ஒரு பின்னேரம் முழுவதும் அந்தக் கதிரையில் இருந்தேன். ஒரு முறை முக்கால்வாசி வந்த பிறகு மின்சாரம் போனது. கடைக்காரர், “ரீச்சர், வீட்டை போங்கோ, நான் காலமை போட்டு வைக்கிறன்,” என்றார். சொன்னபடியே மறுநாள் எடுத்து சீடியில் எழுதிக் கொடுத்தார்.

அன்று மதியம் அன்சார் வந்தார். பஃபரை ஆயிரத்து இருபத்துநாலில் இருந்து பாதியாக்கினேன். பிறகு அதில் பாதி. பிறகும் பாதி. அதற்குக் கீழே போனபோது சத்தம் எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிப்பது போல் பொரிந்தது. ஒரு படி மேலே வந்து நிறுத்தினேன். வைரஸ் பார்க்கும் மென்பொருளையும் தேவையில்லாத மற்றவற்றையும் நிறுத்தினேன்.

அன்சார் ஒரு தட்டுத் தட்டினார். இன்னொன்று. பிறகு ஓர் உருட்டு. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“வந்திட்டுது டீச்சர்.”

மூன்று பாட்டையும் அன்றே வாசித்தார். பாடியது நான்தான். வேறு பாடகரைக் கூப்பிடப் போக்குவரத்து இல்லை. துறைமுகத்தில் ‘தும்’ கேட்டால் அந்த வரியை மட்டும் திரும்பப் பாடினேன். என் குரல் கணினிக்குள் போய்ச் சுற்றி வராமல் பெட்டியில் இருந்து நேரே ஹெட்போனுக்கு வரும்படி ஒரு குமிழ் அதில் இருந்தது. பாடுகிறவர்களுக்கு எப்போதும் அதைத் திருப்பிவிடுங்கள்.

தர்ஷினி இரண்டு நாளில் வந்து சொன்னார். பிள்ளைகள் தண்ணீர்க் குழாயடியிலும் பாடுகிறார்களாம். ஆனால் முதல் பஸ்கள் அதற்கு முதலே போய்விட்டன என்றும் சொன்னார். ரமீஸ் அதில் போயிருந்தார்.

தெரிந்த பாதை

அன்சார் ஒரு காலையில் சொல்லாமல் வந்து கேற்றடியில் நின்றார். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

“மச்சானுக்குக் கால் போயிட்டுது, டீச்சர். இங்க பெரியாஸ்பத்திரியிலதான் வெச்சிருக்காங்க. முழங்காலுக்குக் கீழ இல்ல.”

நான் கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாட்டு ஒரு கிழமை முந்திப் போயிருந்தால் என்பதைத் தவிர வேறு ஒன்றும் எனக்கு மனதில் ஓடவில்லை. பெட்டி சோதனைச்சாவடியில் கிடந்த நாட்கள், லைன் அறுந்த பின்னேரம். அதைத்தான் சொல்லத் தொடங்கினேன். அன்சார் இடைமறித்தார்.

“அவன் பாட்டுக் கேக்கல்ல, சரி. கேட்டிருந்தாலும் போயிருப்பான். தெரிஞ்ச பாதையால நடந்து போன்னுதானே நாம பாடியிருக்கம்? அவன் போனது அவன்ட வயல் வரம்பு, டீச்சர். அதைவிடத் தெரிஞ்ச பாதை அவனுக்கு எங்க இருக்கு?”

அவர் குரலில் கோபம் இல்லை. நாங்கள் இருவரும் அந்த வரியை எத்தனை தரம் கேட்டிருப்போம். அவர் அடித்தார், நான் பாடினேன், தட்டு எங்கே விழுகிறது என்று மட்டும் பார்த்தோம். எழுதியவர்களும் ஊரை நினைத்து எழுதவில்லை. வெடியை யார் வைத்தது என்று அன்றைக்கு நாங்கள் பேசவில்லை. பேசக்கூடிய காலமும் அல்ல.

தர்ஷினிக்குத் தொலைபேசி எடுத்தேன். நடந்ததை அவர் முழுவதும் கேட்டார். பிறகு, “அந்தப் பாட்டை நிப்பாட்டச் சொல்லுறன், அக்கா,” என்றார். மேலிடத்தில் கேட்டு வரியை மாற்றினோம். ‘தெரிஞ்ச பாதையும் கேட்டுப் போ’ என்று. தாளம் மிடியில் இருந்ததால் அன்சாரைத் திரும்ப வாசிக்கச் சொல்லத் தேவைப்படவில்லை. என் குரல் மட்டும் போதும். அதைப் பாடியபோது ‘கேட்டுப் போ’ கொஞ்சம் பிந்தி விழுந்தது. அப்படியே விட்டேன்.

ரமீஸ் ஆஸ்பத்திரியில் இருந்து வெளியே வந்த நாளில், கிண்ணியாவுக்குப் போவதற்கு முதல் அன்சாரோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அறிவித்தலில் தான் பேச வேண்டும் என்று அவரே கேட்டாராம். முப்பது வயது வராத ஆள். இரண்டு பேருமாகப் பிடித்துக் கதிரையில் இருத்தினோம். ஊன்றுகோல்களைச் சுவரில் சாய்த்தேன். ஹெட்போனைப் போட்டுவிட்டேன், கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நான் குரலின் அளவு பார்ப்பதற்காகப் பதிவை ஓடவிட்டு, மைக்கின் உயரத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன். அவர் பேசத் தொடங்கிவிட்டார்.

“என்ட பேர் ரமீஸ். தோப்பூர். அது எங்கட வயல் வரம்பு. நடக்கப் பழகின நாள்ல இருந்து நடந்த வரம்பு, கண்ணை மூடிட்டும் போவன். வாய்க்கால்ல தண்ணி வந்திருக்கான்னு பாக்கப் போனன். எனக்கு முன்னால என்ட மகன் ஓடிப்போனான். அவன் எப்படித் தப்பினான்னு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். உங்கட வயல்தான், ஓம். பாத்து முடிச்சிட்டம்னு வெடி எடுக்கிறவங்க வந்து சொல்ற வரைக்கும் போகாதீங்க. புள்ளைகளைக் கூட்டிட்டுப் போகாதீங்க.”

அவ்வளவுதான். நான் வழக்கம்போல, “சரி தம்பி, இப்ப ரெக்கோர்ட் பண்ணுவம். இதையே திரும்பச் சொல்லுங்கோ,” என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “இப்ப சொன்னன்தானே, டீச்சர். இன்னொருக்கா ஏலாது.”

அன்சார் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நான் திரையைப் பார்த்தேன். பதிவு ஓடிக்கொண்டுதான் இருந்தது. அளவு குறைவு, மைக் இன்னும் நேராகவில்லை, கதிரை கிறீச்சிடுவதும் கேட்கிறது. ஆனால் முதற்சொல்லில் இருந்து எல்லாம் இருந்தது. எதையும் வெட்டாமல், இசை போடாமல் கொடுத்தேன்.

அந்தக் குரல் ஓட்டோக்களில் பல மாதம் போனது. அதைக் கேட்டு ஓர் ஆளாவது வரம்பில் ஏறாமல் திரும்பினாரா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. பிறகு தர்ஷினியின் அலுவலகத்தை மூடிவிட்டார்கள். அன்சார் கட்டாருக்கு லொறி ஓட்டப் போனார். யுத்தம் முடிந்த பிறகும் அவர் டோல்கியைத் தொட்டதாகக் கேள்விப்படவில்லை.

பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். தாமதம் எங்கே இருக்கிறது என்று முதலில் தட்டிப் பாருங்கள், பிறகு சாமான் வாங்குங்கள். டிரைவரின் பிரதி ஒன்றை வேறிடத்தில் வையுங்கள். பஃபரைச் சத்தம் பொரியும்வரை குறைத்து, ஒரு படி மேலே வந்து நில்லுங்கள். இவ்வளவும் யாராவது சொல்லித் தருவார்கள். இன்னொன்று உண்டு. பேச வந்தவர் கதிரையில் உட்காருவதற்கு முதலே பதிவை ஓடவிடுங்கள். சிலர் ஒருமுறைதான் சொல்வார்கள்.